ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதா?

ஒருவருடைய பாவச் சுமையை வேறொருவர் சுமக்கமாட்டார் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. அல்அன்ஆம், பனீ இஸ்ராயீல், ஃபாத்திர், அஸ்ஸுமர், அந்நஜ்ம் ஆகிய ஐந்து அத்தியாயங்களில் அல்லாஹு தஆலா இதை நமக்கு அறிவித்திருக்கிறான். தந்தை திருடினால் மகனைப் பிடித்து நிறுத்துவதில்லை. தாய் தொழாதிருந்தால் மகளிடம் கணக்குக் கேட்பதில்லை. பிறக்கின்ற ஒவ்வொரு குழந்தையும் தூய இயல்பிலேயே பிறக்கிறது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். பிறவிப் பாவம் என்ற ஒன்றுக்கு இஸ்லாத்தில் இடமே இல்லை.

இப்படியிருக்க, மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு செய்தியை நம் முன் வைத்து வருகிறது. கருவுற்ற தாய் மது அருந்தினால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளையும் உடலும் பாதிக்கப்படலாம். அந்தப் பாதிப்பு அதன் ஆயுள் முழுவதும் நீங்காது என்பதே அச்செய்தி. குடித்தவளுக்கு மறுநாள் காலையில் போதை தெளிந்துவிடுகிறது. குடிக்காத குழந்தையோ எழுத்துக் கூட்ட முடியாமல், சொன்னதை மனத்தில் நிறுத்த முடியாமல், கோபத்தை அடக்கத் தெரியாமல் வாழ்நாளைக் கழிக்கிறது.

அப்படியானால் இந்தக் குழந்தை யாருடைய சுமையைச் சுமக்கிறது? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் சிந்திப்பது நம் கடமையாகும்.

மருத்துவர்கள் கண்டது என்ன?

1899ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் சிறையில் மருத்துவராக இருந்த வில்லியம் சல்லிவன் என்பவர், குடிப்பழக்கத்துக்கு அடிமையான 120 பெண்களைப் பற்றி ஆராய்ந்தார். அவர்கள் பெற்ற பிள்ளைகள் 600. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை இறந்தே பிறந்தன, அல்லது இரண்டு வயதுக்குள் இறந்துபோயின. அதே குடும்பங்களைச் சேர்ந்த குடிக்காத பெண்களின் பிள்ளைகளில் இப்படி இறந்தவை நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர் கண்ட இன்னொரு செய்தி கல் நெஞ்சையும் கரைக்கக் கூடியது. முந்திய பிரசவங்களில் பிள்ளைகளை இழந்த சில பெண்கள், கர்ப்பகாலத்தில் சிறைக்குள் இருக்க நேர்ந்தபோது, மது கிடைக்காத காரணத்தால் நலமான குழந்தைகளைப் பெற்றெடுத்தார்கள். வெளியே இருந்த கணவன், உற்றார், ஊரார் எவரும் கொடுக்காத பாதுகாப்பைச் சிறைச்சாலையின் சுவர் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தது!

இந்த ஆராய்ச்சியை உலகம் மறந்துபோயிற்று. குடிகாரப் பெற்றோரின் பிள்ளைகள் நலிந்திருப்பதற்கு வறுமையும் பரம்பரையுமே காரணம் என்று எண்ணினார்கள். 1968இல் பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர், குடிப்பழக்கமுள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 பிள்ளைகளிடம் ஒரே மாதிரியான முகக்குறிகளும் வளர்ச்சிக் குறைவும் காணப்படுவதை எழுதினார். அப்போதும் எவரும் செவிசாய்க்கவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் லான்செட் என்ற மருத்துவ இதழில் எட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகே உலகம் விழித்துக்கொண்டது. கருவில் மதுவால் விளையும் இந்நோய்க்கு ஒரு பெயரும் அந்த ஆண்டில்தான் கிடைத்தது.

தாய் அருந்தும் மது சிறிது நேரத்துக்குள் நச்சுக்கொடி வழியே குழந்தையின் இரத்தத்தில் கலக்கிறது. தாயின் இரத்தத்தில் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே குழந்தையின் இரத்தத்திலும் சேருகிறது. தாய்க்கு அதை முறிக்க வளர்ந்த கல்லீரல் இருக்கிறது. குழந்தையின் கல்லீரலோ இன்னும் முதிரவில்லை. போதாக்குறைக்கு, குழந்தையைச் சுற்றியுள்ள பனிநீரிலும் மது தங்கிவிடுகிறது. சிலருக்குக் கண் திறப்பு குறுகியும், மேலுதடு மெலிந்தும், மூக்குக்கும் உதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மழுங்கியும் இருக்கும். பெரும்பாலோருக்கு முகத்தில் எந்த அடையாளமும் இருக்காது. பாதிப்பு மூளைக்குள்ளே இருக்கும். அந்தப் பிள்ளைகளைத்தான் நாம் ‘மக்கு’ என்றும் ‘அடங்காப்பிடாரி’ என்றும் அடித்து வளர்க்கிறோம்.

2017இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வொன்று, இந்நோயின் முழு அடையாளங்களுடன் ஆண்டுதோறும் சுமார் 1,19,000 குழந்தைகள் பிறப்பதாக மதிப்பிட்டது. இவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று ஓர் எல்லையை மருத்துவர்களால் இன்றுவரை வரையறுக்க முடியவில்லை. ஆகவே கர்ப்பகாலத்தில் ஒரு துளியும் வேண்டாம் என்பதே அவர்களின் அறிவுரை.

மேஸ்திரி கேட்ட கேள்வி

சென்னைக்கு மேற்கே, போரூரைத் தாண்டிப் பூந்தமல்லி போகும் சாலையில் இருக்கிறது நான் வசிக்கும் ஐயப்பன்தாங்கல். தாங்கல் என்றாலே ஏரி. பெயரில் ஏரி இருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டேயிருக்கின்றன. அவற்றைக் கட்டுகிறவர்கள் பிழைப்புக்காக வெளியூர்களிலிருந்து வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் ஏழைகள்.

பஸ் டிப்போவுக்கு அருகிலுள்ள டீக்கடையில் பழக்கமான மேஸ்திரி ஒருவர், சகோதர சமயத்தைச் சேர்ந்தவர், ஒருநாள் என்னிடம் மனம் வருந்திச் சொன்னார்: “நம்ம வேலையிலே ஒரு சித்தாள் இருக்கு பாய். மாசமா இருக்கு. ராத்திரி உடம்பு வலி தாங்காம புருஷன்கூட சேந்து ஒரு வாய் குடிக்குது. ஆஸ்பத்திரியிலே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நானும் கண்டிச்சேன். ‘கல்லு சுமக்கிறது நானு, நீயா மேஸ்திரி?’ன்னு கேக்குது. அதுக்கு மேலே எனக்குப் பேச வாய் வரலே. ஆனா வயித்திலே இருக்கிற பிள்ளை என்ன பாய் பாவம் பண்ணுச்சு?”

மேஸ்திரியின் கேள்வியும் நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். அந்தச் சித்தாளின் பதிலில் இன்னொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

பாவம் வேறு, விளைவு வேறு

திருமறை கூறுவது பாவத்தின் சுமையைப் பற்றி. பாவம் என்பது அல்லாஹ்வின் முன் நின்று பதில் சொல்லவேண்டிய பொறுப்பு. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறாது. குடித்த தாயின் குழந்தை அல்லாஹ்விடத்தில் மற்றெல்லாக் குழந்தைகளையும் போலவே தூய்மையானது. அதன் மங்கிய அறிவு அதற்குத் தண்டனையன்று. அதைக் குறைபட்ட பிறவி என்று இகழ்வதும், ‘பெற்றோர் செய்த பாவம் பிள்ளை மேல் விடிந்தது’ என்று பேசுவதும் நம் கொள்கைக்கே முரணானவை.

ஆனால் ஒரு செயலின் விளைவு பாவத்தைப் போல நின்ற இடத்தில் நிற்பதில்லை. அண்டை வீட்டுக்காரன் அலட்சியமாகப் போட்ட நெருப்பு நம் கூரைக்கும் தாவுகிறது. நெருப்பு வைத்த குற்றம் அவனுடையது; எரிந்துபோன வீடு நம்முடையது. கருவறையிலும் நடப்பது இதுதான்.

அல்லாஹ் அந்த விளைவைத் தடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். சிந்தித்துப் பாருங்கள். அல்லாஹ் மனிதனை மூன்று இருள்களுக்குள் வைத்துப் படிப்படியாக உருவாக்குவதாகத் திருமறை கூறுகிறது. அந்த இருளில் குழந்தைக்கு வெளியுலகத்தோடு இருக்கின்ற ஒரே வழி தாயின் இரத்தம். அவ்வழியேதான் உணவு போகிறது, உயிர்க்காற்றும் போகிறது. தாய் கொடுப்பது எதுவுமே குழந்தையைச் சேராதிருக்குமானால் தீமையும் சேராது, நன்மையும் சேராது. தாய் என்ற உறவே இல்லாமற் போய்விடும். கருவறைக்கு அரபு மொழியில் ரஹிம் என்று பெயர். ரஹ்மான் என்ற அல்லாஹ்வின் திருநாமத்தோடு வேர் ஒன்றியது அச்சொல். அவன் தன் அருளின் வழியாக அதை அமைத்து, மனிதர் கையில் அமானிதமாக ஒப்படைத்திருக்கிறான். அமானிதம் என்றாலே, காக்கவும் முடியும், கெடுக்கவும் முடியும் என்ற நிலையில் ஒப்படைக்கப்பட்ட பொருள்தானே! கெடுக்கவே இயலாத ஒன்றை ஒருவரிடம் கொடுத்துக் காக்கச் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

ஆகவே குழந்தை சுமப்பது பாவத்தையன்று. மற்றவர்கள் பேணத் தவறிய அமானிதத்தின் சேதத்தை அது சுமக்கிறது. எனவே அது குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை, வாதியாக நிற்கிறது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம் எந்தக் குற்றத்துக்காக நீ கொல்லப்பட்டாய் என்று மறுமையில் விசாரிக்கப்படும் என அத்தக்வீர் அத்தியாயம் கூறுகிறது. விசாரணை கொன்றவனிடமிருந்து தொடங்கவில்லை, குழந்தையிடமிருந்து தொடங்குகிறது. பேச வாயில்லாத உயிருக்கும் அங்கே வாய் திறக்கப்படும்.

கருவிலிருப்பவரின் ஹக்கு

பிறக்காத குழந்தைக்கு உரிமை ஏது என்று கேட்பவர்களுக்கு நம் ஃபிக்ஹு நூல்கள் நெடுங்காலத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டன.

கணவன் இறக்கும்போது மனைவி கருவுற்றிருந்தால் அந்தக் குழந்தையைக் கணக்கில் கொண்டே சொத்து வைக்கப்படுகிறது. உயிரோடு பிறந்தால் அதன் பங்கு அதற்குச் சேரும். கர்ப்பிணியைத் தாக்கிக் கரு சிதைந்தால் அக்கருவுக்கென்று தனியாக ஈட்டுத்தொகை உண்டு. ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவரின் வழக்கில் நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கிய தீர்ப்பு இதற்கு ஆதாரம். தாயே வேண்டுமென்று எதையேனும் குடித்துக் கருவைச் சிதைத்தால் அவளும் ஈடு கொடுக்கவேண்டியவளே என்று இமாம்கள் பேசியிருக்கிறார்கள். தாயின் வயிற்றில் இருப்பதாலேயே குழந்தை தாயின் உடைமையாகிவிடாது என்பது இதனால் விளங்குகிறது.

ஃகாமித் குலத்துப் பெண்ணின் நிகழ்ச்சியை அறியாதவர் யார்? தன் குற்றத்தைத் தானே வந்து ஒப்புக்கொண்ட அவளை, பிள்ளை பெறும்வரை நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். பெற்றுக்கொண்டு வந்தபோது பால் மறக்கும்வரை மீண்டும் திருப்பி அனுப்பினார்கள். தாயின் குற்றம் எவ்வளவு பெரிதாயினும் குழந்தைக்கு ஒரு கீறல் விழக்கூடாது என்பதில் அவர்களுக்கு எவ்வளவு கவனம்!

இவையனைத்துக்கும் மேலாக, நம் வீட்டுப் பெண்கள் ஆண்டுதோறும் அனுபவிக்கின்ற ஒரு சட்டத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். ரமளான் நோன்பு இஸ்லாத்தின் தூண்களுள் ஒன்று. அது அல்லாஹ்வுக்குரிய கடமை. அப்படிப்பட்ட நோன்பை, வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கெடுதி வந்துவிடுமோ என்று அஞ்சும் கர்ப்பிணி விட்டுவிடலாம் என்று ஷரீஅத் அனுமதிக்கிறது. பின்னர் அதைக் களா செய்தால் போதும் என்பது ஹனஃபி மத்ஹப். குழந்தைக்காக மட்டுமே அஞ்சி விட்டிருந்தால் களாவோடு பித்யாவும் கொடுக்கவேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். இரண்டிலும் நோன்பு குழந்தைக்கு வழிவிடுகிறது.

குழந்தைக்காக ஃபர்ளான நோன்பே ஒதுங்கி நிற்கும்போது, ஹராமான மது எந்த முகத்தோடு அக்குழந்தையின் அருகில் வந்து நிற்பது? இந்த ஒரு கேள்வி போதும், சிந்திப்பவர்களுக்கு.

இரண்டு தவறான எண்ணங்கள்

இந்த ஆராய்ச்சிகளைப் படிக்கும் நம்மவர்களுக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றக்கூடும். இரண்டும் தவறு.

முதலாவது, “விஞ்ஞானம் இப்போது கண்டுபிடித்ததை நம் மார்க்கம் அன்றே சொல்லிவிட்டது, ஆகவே மது ஹராம் என்பது நிரூபணமாகிவிட்டது” என்ற எண்ணம். மது ஹராம் என்பதற்கு லான்செட் இதழின் சான்றிதழ் தேவையில்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் தடை வந்த அன்றே மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. நபித்தோழர்கள் மருத்துவ அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. மருத்துவமோ காலத்துக்குக் காலம் மாறுவது. 1967இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் ஃபுக்ஸ் என்ற பேர்பெற்ற மகப்பேறு மருத்துவர், குறைப்பிரசவத்தைத் தடுப்பதற்காகக் கர்ப்பிணிகளின் இரத்தக் குழாயிலேயே மதுசாரத்தை ஏற்றும் சிகிச்சையை எழுதி வெளியிட்டார். பல ஆண்டுகள் அது நடைமுறையிலும் இருந்தது. மருத்துவத்தின் மீது மட்டுமே நம் சட்டத்தைக் கட்டியிருந்தால் அந்த ஆண்டுகளில் நாம் என்ன சொல்லியிருப்போம்? மதுவில் சில பயன்களும் உண்டு, ஆனால் பாவமே பெரிது என்று அல்பகரா அத்தியாயம் வெளிப்படையாகவே கூறுகிறது. ஆராய்ச்சி நம் ஈமானுக்கு அஸ்திவாரமாகாது. நம் கடமை எவ்வளவு தூரம் நீளுகிறது என்று காட்டுகின்ற விளக்காக அது பயன்படும்.

இரண்டாவது எண்ணம், “நம் பெண்கள் குடிப்பதில்லை, இது நம்மைச் சேர்ந்த விஷயமன்று” என்பது. மேலே சொன்ன 2017ஆம் ஆண்டு ஆய்வின்படி, உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வட்டாரத்தில் கர்ப்பிணிகளில் நாலில் ஒருவர் மது அருந்துகிறார். முஸ்லிம் நாடுகள் மிகுந்த கிழக்கு மத்தியத் தரைக்கடல் வட்டாரத்தில் ஆயிரத்துக்கு இருவர்தாம். அல்ஹம்துலில்லாஹ்! இதற்காக நன்றி செலுத்தவேண்டும். ஆனால் நன்றி வேறு, பெருமை வேறு. நன்றியுள்ளவன் தனக்குக் கிடைத்த பாதுகாப்பு பிறருக்கும் கிடைக்கவேண்டும் என்று பாடுபடுவான். பெருமையுள்ளவன் அந்தச் சித்தாளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

கூண்டில் நிற்பவர்கள் யார்?

வாதி குழந்தை என்றால் பிரதிவாதி தாய் மட்டும்தானா? உலகம் அவசரமாக அவளைத்தான் சுட்டிக்காட்டுகிறது. நம் ஷரீஅத் அவ்வளவு அவசரப்படுவதில்லை. தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா, விரும்பிச் செய்தாளா, தப்ப வழியின்றிச் செய்தாளா என்று பார்க்கிறது. கருவுற்றிருப்பதை அறியாத முதல் வாரங்களில் குடித்தவள் உண்டு. பழக்கத்தின் பிடியில் சிக்கி நோயாளியாகிவிட்டவள் உண்டு. அல்லாஹ்வே அறிவான். மது விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் குடிப்பவரை மட்டும் சபிக்கவில்லை. பிழிபவர், சுமப்பவர், விற்பவர், வாங்குபவர், பரிமாறுபவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று பத்துப் பேரைச் சபித்தார்கள். ஒரு குவளைக்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன!

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாநிலத்தைப் பாருங்கள். அங்குள்ள திராட்சைத் தோட்டங்களில் கூலியில் ஒரு பகுதியை மதுவாகவே கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1960களில் சட்டம் தடுத்த பிறகும் அது நெடுநாள் தொடர்ந்தது. உலகிலேயே கருவில் மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் மிக அதிகமாகக் காணப்பட்ட இடங்களுள் அந்தத் தோட்டப் பகுதிகளும் அடங்கும். கூலியைப் பணமாகக் கொடுக்க மனமில்லாத முதலாளியின் கணக்கை, தொழிலாளியின் பேரக்குழந்தை தன் மூளையால் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

நம் தமிழகத்தின் நிலை என்ன? 1937இல் சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடியும் கடைகள் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் ஏற்பட்டது. 2003இலிருந்து சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது. 2022-23 நிதியாண்டில் மட்டும் இவ்வகையில் அரசுக்குக் கிடைத்த வருவாய் 44,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் நலத்திட்டங்கள் நடக்கின்றன என்கிறார்கள். இவ்விடத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. பால் மறந்த குழந்தைகளுக்கு மட்டும் அவர்கள் மானியம் கொடுத்து வந்தார்கள். ஓரிரவு ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டு விசாரித்தபோது, மானியத்துக்காகத் தாய் அதைக் காலத்துக்கு முன்பே பால் மறக்கச் செய்கிறாள் என்று தெரிந்தது. அவர்கள் அந்தத் தாயைத் தண்டிக்கவில்லை. தம்முடைய சட்டமே குழந்தையை அழவைக்கிறது என்று அழுதார்கள். பிறந்த நாளிலிருந்தே எல்லாக் குழந்தைகளுக்கும் மானியம் என்று மறுநாளே அறிவித்தார்கள். ஆட்சியின் வரவுசெலவுக் கணக்கில் ஒரு குழந்தையின் அழுகையும் ஓர் இனம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அடுத்து, கணவன். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் வயது வந்த ஆண்களில் சுமார் நாலில் ஒருவர் மது அருந்துகிறார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆக, நம் மாநிலத்தில் கருவிலுள்ள குழந்தையை மது பெரும்பாலும் தந்தை வழியாகத்தான் தாக்குகிறது. கர்ப்பிணி உண்ணவேண்டிய முட்டையும் பாலும் கடைக்குப் போகின்றன. அடியும் உதையும் கருவறை வரை எட்டுகின்றன. அது மட்டுமன்று. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 2023இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கருத்தரிப்புக்கு முன் ஆண் சுண்டெலிக்கு மது கொடுத்தாலும் குட்டிகளின் முக அமைப்பில் மாறுதல் உண்டாவதைக் கண்டது. மனிதர்களிடமும் இது இவ்வாறே நிகழ்கிறது என்று உறுதிப்படவில்லை. ஆயினும் இத்தனை காலம் பெண்ணை நோக்கியே நீண்டிருந்த விரல் ஆணின் பக்கமும் திரும்பத் தொடங்கியிருக்கிறது.

கடைசியாக, நாம். அந்தச் சித்தாள் சுமக்கும் செங்கல் நம் வீட்டுக்கானது. மாதம் ஏறியவளைத் தலைச்சுமையோடு மாடி ஏறவைத்துவிட்டு, இரவில் அவள் வலி மறக்கக் குடிப்பதை மட்டும் குற்றம் சொல்வது நீதியாகுமா? அவள் கேட்ட கேள்வி மேஸ்திரிக்கு மட்டும் உரியதன்று.

செய்யவேண்டியவை

ஹராமை ஹலாலாக்க நமக்கு அதிகாரமில்லை. அவள் செய்வது தவறு என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் தவறைச் சொல்லும் வாய்க்கு, சுமையைப் பிடிக்கும் கையும் வேண்டும்.

கட்டிடம் கட்டுகிற நம்மவர்கள், கருவுற்ற கூலிப் பெண்ணுக்குக் கூலியைக் குறைக்காமல் இலேசான வேலை கொடுக்கச் சொல்லி மேஸ்திரியிடம் ஏற்பாடு செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் பெயரைப் பதியவைக்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்று ஒன்று நம் மாநிலத்தில் இருப்பதே பலருக்குத் தெரியாது. விவரம் சொல்லி அழைத்துப்போவதும் ஸதக்காதான்.

இதுவரை குடித்துவிட்டோமே, இனி நிறுத்தி என்ன பயன் என்று எண்ணுகிறவளுக்கு ஒரு நற்செய்தி உண்டு. கர்ப்பத்தின் எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் குழந்தைக்கு நன்மையே என்கிறது மருத்துவம். தவ்பாவின் வாசலும் அப்படித்தான், உயிர் தொண்டைக்குழிக்கு வரும்வரை திறந்திருக்கிறது. ஆனால் நெடுநாளாக மிகுதியாகக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் உடலுக்கு ஆபத்து நேரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும். குடிநோயாளியான கணவனையும் சிகிச்சைக்கு அனுப்பவேண்டும். சென்னை இந்திரா நகரில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் 1980இல் ஏற்பட்டது இத்தகையவர்களுக்காகவே. குடிகாரன் என்று ஒதுக்கப்பட்டவர்களை நோயாளி என்று ஏற்றுக்கொண்டு அது பணியாற்றி வருகிறது.

நம் வீடுகளிலும் கவனம் வேண்டும். பெயரில் மது இல்லாவிட்டாலும் பொருளில் இருக்கலாம். அரிஷ்டங்கள் புளிக்கவைத்துச் செய்யப்படுவதால் அவற்றில் தானாகவே மதுசாரம் உண்டாகிறது, சீசாவிலேயே எழுதியிருக்கும். கர்ப்பகாலத்தில் இத்தகைய மருந்துகளை மருத்துவரைக் கேளாமல் கொடுக்கலாகாது. மாற்று இருக்கும்போது மாற்றையே நாடவேண்டும். இல்லாதபோது உலமாக்களிடம் ஃபத்வா கேட்டுக்கொள்ளவேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் போக ஒரு மூடி பிராந்தி கொடுப்பது என்ற வழக்கம் எங்கேனும் நுழைந்திருந்தால் அதை அடியோடு நிறுத்தவேண்டும். மதுவை மருந்தாகக் கொள்ளலாமா என்று கேட்கப்பட்டபோது, அது நோயே தவிர மருந்தன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாக்கிவிட்டார்கள்.

பாதிக்கப்பட்டுப் பிறந்துவிட்ட குழந்தைகளின் நிலை என்ன? அழிந்த மூளை அணுக்களை மீட்க மருந்தில்லை. ஆனால் சிறு வயதிலேயே கண்டறிந்து, பொறுமையாகக் கற்பித்து, அடியும் ஏச்சும் இல்லாத நிலையான வீட்டில் வளர்த்தால் அவர்களுடைய வாழ்க்கை மிகவும் மேம்படுகிறது என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். மதரஸாவில் ஓதித்தரும் ஹஜ்ரத்மார்களும் பள்ளி ஆசிரியர்களும் இதை மனத்தில் கொள்ளவேண்டும். நேற்றுச் சொன்ன பாடத்தை இன்று மறந்துவரும் பிள்ளையின் முதுகில் பிரம்பு விழுவதற்கு முன் ஒரு கணம் நிதானிக்கவேண்டும். அது வேண்டுமென்றே மறந்ததா, மறக்கும்படி ஆக்கப்பட்டதா என்று நமக்கு எப்படித் தெரியும்? யாரோ இறக்கிவைத்த சுமையை ஏற்கெனவே சுமந்து நிற்கிற பிள்ளை அது. அதன் மீது நம்முடைய சுமையையும் ஏற்றுவது தகுமா?

ஒருவர் பாவத்தை மற்றவர் சுமக்கமாட்டார். அது அல்லாஹ்வின் நீதி. ஒருவர் துன்பத்தை மற்றவர் தோள்கொடுத்துச் சுமக்கலாம். அது அவன் நமக்கு விட்டுவைத்திருக்கும் நன்மை. பேச வாயற்ற அந்தச் சிறு உயிர்கள் நாளை மஹ்ஷரில் வாய் திறக்கும்போது, அவற்றின் புகாரில் நம் பெயர் இடம்பெறாதிருக்க வல்ல நாயன் நல்லருள் புரிவானாக! ஆமீன்.